ஆறு இடங்களில் ஒரே தலைப்பு

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஹேமநாதன் அன்றைய முதல் புகாரைத் திறந்தான். வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை என்று ஓர் அம்மாள் எழுதியிருந்தார். அவன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஸ்க்ரீன் ரீடர் அதைப் படித்துச் சொன்னது. பதிலைத் தட்டி முடித்தான். அடுத்து 'புகார் வகை' என்றொரு பெட்டி. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் பதில் போகும். பெட்டிக்கு வந்ததும் காதில் குரல், "வெற்று" என்றது. கீழ் அம்புக்குறியை அழுத்தினான். "வெற்று." இன்னொரு தடவை. "வெற்று." பத்தொன்பது வகைகள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன என்று பக்கத்து சீட்டுப் பெண் சொன்னாள். அவனுக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அன்றுதான் கம்பெனியில் புது சாஃப்ட்வேர் போட்டிருந்தார்கள்.

ஹேமநாதனுக்கு முப்பத்தாறு வயது. பதினெட்டில் மங்க ஆரம்பித்த பார்வை இருபத்தொன்றில் முழுக்கப் போய்விட்டது. விழித்திரை நோய், மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷம் மேனாம்பேடு வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்தான். பிறகு யாரோ சொல்லிக் கேட்டு கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போனான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அந்தக் குரலோடு பழகிவிட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில், வீட்டு சாமான்களுக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுதும் இந்த வேலை ஒன்பது வருஷமாக அவனுடையது. அதை நம்பித்தான் ராதிகாவைக் கட்டினான். அவள் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள், கண் பார்வையெல்லாம் நன்றாக இருப்பவள். பெண் கேட்டுப் போன அன்று அவள் அப்பா கேட்ட ஒரே கேள்வி, "வேலை நிரந்தரமா?" என்பதுதான். ஆமாம் என்று சொல்லியிருந்தான்.

முதல் இரண்டு நாள் பக்கத்து சீட்டுப் பெண் எட்டி வந்து அந்தப் பெட்டியில் வகையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். அவள் முடிக்கும் புகார்களின் எண்ணிக்கை குறைய ஆரம்பித்ததும் அதுவும் நின்றது. குழுத்தலைவி சுரேகா அவனைத் தனி அறைக்குக் கூப்பிட்டாள். கோயம்புத்தூர்க்காரி, யாரிடமும் குரல் உயர்த்தாதவள்.

"ஹேமா, சாஃப்ட்வேர் காரங்களுக்கு மெயில் போட்டாச்சுங்க. அடுத்த வெர்ஷன்ல பார்க்கிறோம்னு சொல்றாங்க. அது எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியல."

"அதுவரைக்கும் பழைய சாஃப்ட்வேர்ல என்னை மட்டும் விடலாமில்ல மேடம்?"

"பழசை மூடிட்டாங்க." கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டும் சத்தம் கேட்டது. "இந்த வெள்ளி இல்லைங்க, அடுத்த வெள்ளி வரைக்கும் நான் தாங்கிக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்லை."

அடுத்த வெள்ளிக்குப் பத்து நாள் இருந்தது.

அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இணையத்தில் 'விடைக்களம்' என்று ஒரு தளம் உண்டு. தமிழில் கம்ப்யூட்டர், செல்போன் சந்தேகம் எது கேட்டாலும் யாராவது பதில் எழுதுவார்கள். நல்ல பதிலுக்குப் புள்ளிகள் கிடைக்கும். புள்ளி சேர்ந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். ஹேமநாதன் அங்கே நாலு வருஷத்துப் பழைய ஆள். நாலு வருஷமாக அங்கே அவனுக்கு ஒரே ஒரு சண்டை. அது தலைப்பு எழுத்தைப் பற்றியது.

கண் தெரிந்தவர்கள் ஒரு பக்கத்தைத் திறந்ததும் முழுதாகப் பார்த்துவிடுகிறார்கள். ஹேமநாதனுக்கு ஒரு பக்கம் என்பது அடுத்தடுத்து வரும் சொற்கள், அவ்வளவுதான். அதில் எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு இருக்கும் பிடிமானம் தலைப்புகள். 'ஹெச்' விசையை அழுத்தினால் ஸ்க்ரீன் ரீடர் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவும். விடைக்களத்தில் ஒவ்வொரு பதிலின் தொடக்கமும் ஒரு தலைப்பு. ஆகவே நாற்பது பதில் இருந்தாலும் நாற்பது அழுத்தலில் பக்கத்தைத் தாண்டிவிடலாம். ஆனால் புள்ளிக்கு ஆசைப்படுகிறவர்கள் என்ன செய்வார்கள்? தங்கள் பதில் கண்ணில் படவேண்டும் என்று ஒவ்வொரு வரியையும் தலைப்பு எழுத்தில் போடுவார்கள். திரையில் அது கொட்டை கொட்டையாகத் தெரியுமாம். அவன் காதில், "தலைப்பு, நிலை ஒன்று, இதுதான் சரியான விடை. தலைப்பு, நிலை ஒன்று, மற்றதை நம்பாதீர்கள். தலைப்பு, நிலை ஒன்று, நன்றி நண்பர்களே" என்று வரும். எந்த ஆளின் பதிலில் நிற்கிறோம், கேள்வி எங்கே போயிற்று என்று தெரியாமல் திருவிழாக் கூட்டத்தில் கை விட்ட பிள்ளை மாதிரி நிற்க வேண்டியதுதான்.

ஒவ்வொருவருக்கும் பொறுமையாக எழுதுவான். 'ஐயா, தடித்த எழுத்து போடுங்கள், தலைப்பு எழுத்து வேண்டாம், எங்களைப் போன்றவர்களுக்கு வழி அடைபடுகிறது.' சிலர் மாற்றினார்கள். பலர் கிண்டல் செய்தார்கள். தலைப்பு வாத்தியார் என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் தளத்தை நடத்துகிறவர்கள் அவனிடமே கேட்டு ஒரு விதியை எழுதி வாங்கினார்கள். 'கவனத்தை இழுப்பதற்காகத் தலைப்பு எழுத்தைப் பயன்படுத்துபவரின் கணக்கு ஏழு நாள் நிறுத்தி வைக்கப்படும்.' ஏழு நாள் என்று போட்டவன் அவன்தான். மூன்று நாள் போதுமே என்றார்கள். மூன்று நாளில் யாரும் திருந்த மாட்டார்கள் என்று சொன்னான்.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் அந்தத் தளத்தில் தன் கேள்வியை எழுதினான். சாஃப்ட்வேரின் பெயர், பெட்டி எப்படி நடந்துகொள்கிறது, என்னென்ன முயன்று பார்த்தான் எல்லாம் சாதாரண எழுத்தில், ஒழுங்காக. வியாழன் பார்த்தான், பதில் இல்லை. வெள்ளி, இல்லை. சனிக்கிழமை ஒருவர், 'கம்ப்யூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யவும்' என்று எழுதியிருந்தார். பதினொரு பேர்தான் அந்தக் கேள்வியைத் திறந்தே பார்த்திருந்தார்கள். அதில் நாலு தடவை அவனே.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ராதிகா கடையிலிருந்து திரும்பியபோது அவன் சாப்பிடாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா, சோறு அப்டியே கீது?"

"இங்க வந்து பாரு. இது எப்டி கீதுன்னு சொல்லு."

அவள் குனிந்து பார்த்தாள். அன்று தளத்தில் அதிகம் பேர் பார்த்துக்கொண்டிருந்த ஆறு கேள்விகளை அவன் பொறுக்கி வைத்திருந்தான். போன் ஏன் சூடாகிறது, சிலிண்டர் பதிவு ஏன் ஆகவில்லை, ஆசிரியர் தகுதித் தேர்வு விண்ணப்பத்தில் போட்டோவை எப்படி ஏற்றுவது, இப்படி. எந்தக் கேள்விக்கும் அவன் எழுதியது பதில் இல்லை. ஆறு இடத்திலும் போடுவதற்கு ஒரே சேதி, பதினாலு வரி, ஒவ்வொரு வரியும் தனித்தனித் தலைப்பு. 'கண் பார்வை இல்லாத ஒருவனின் வேலை வரும் வெள்ளிக்கிழமை போகப்போகிறது' என்று ஆரம்பித்து, அவனுடைய கேள்வியின் முகவரியும் செல்போன் எண்ணும் கடைசியில்.

"ஸ்கிரீன் பூரா அடைச்சிக்கினு கீது," என்றாள் ராதிகா. "எழுத்து அம்மாம் பெருசு."

"அசிங்கமா கீதா?"

"அசிங்கம்லாம் இல்ல. யாரோ தெருவுல நின்னு கத்துற மாரி கீது." பிறகு அவன் தோளில் கை வைத்தாள். "ஏன், இதான் வாணாம்னு நீ எல்லார்கிட்டயும் சண்டை போடுவியே?"

"ஆமா."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

"ஒழுங்கா கேட்டேன், ராதி. நாலு நாள் ஒழுங்கா கேட்டேன். ஒருத்தனும் திரும்பிப் பாக்கல."

அவள் சோற்றுத் தட்டை மூடி வைத்தாள். அவன் ஆறு இடத்திலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்தான். தகுதித் தேர்வுக் கேள்வியில் பதியும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. மறுநாள் மாலை ஐந்து மணியோடு அந்த விண்ணப்பம் முடிகிறது என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் அங்கே அவ்வளவு கூட்டம். கூட்டம் இருக்கிற இடத்தில்தானே கத்த வேண்டும் என்று பதிந்துவிட்டான்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அவனுக்கு வேலை எதுவும் தரவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு தளத்தைத் திறந்தான். எண்ணூறு பேர் அவன் கேள்வியைப் பார்த்திருந்தார்கள். ஆறு இடத்திலும் அவன் சேதிக்குக் கீழே மறுமொழிகள் குவிந்திருந்தன. 'வாத்தியாரே, நீயுமா?' 'ஊருக்குத்தான் உபதேசம்.' அவன் செய்ததை அவனுக்கே செய்து காட்டவேண்டும் என்று பாதிப் பேர் தலைப்பு எழுத்திலேயே எழுதியிருந்தார்கள். ஹெச் விசையை அழுத்தி அழுத்தி அந்த ஏச்சு முழுவதையும் கேட்டான். வேறு வழியில் போக முடியவில்லை. அவற்றுக்கு நடுவே கோகுல்நாத் என்று ஒருவர் சாதாரண எழுத்தில் எழுதியிருந்தார். 'இதைச் சரிசெய்ய முடியும் என்று நினைக்கிறேன். எந்த பிரவுசர்? ஸ்க்ரீன் ரீடர் எந்த வெர்ஷன்? அந்தப் பெட்டியில் நிற்கும்போது டேப் அழுத்தினால் என்ன சொல்கிறது? சொல்லுங்கள், ஏதாவது செய்து பார்க்கிறேன்.'

ஹேமநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பதில் பெட்டியைத் தேடினான். கிடைக்கவில்லை. பக்கத்தின் உச்சிக்குப் போனான். 'கவனத்தை இழுப்பதற்காகத் தலைப்பு எழுத்தைப் பயன்படுத்தியதால் உங்கள் கணக்கு ஏழு நாள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.'

அவன் எழுதிய சொற்கள், ஒரு எழுத்துக்கூட மாறாமல்.

தளத்தை நடத்துகிறவர்களுக்கு மெயில் அனுப்பினான். ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவதில் கெஞ்சினான். பதில் இல்லை. கோகுல்நாத்தின் போன் எண்ணோ மெயில் முகவரியோ அந்தத் தளத்தில் கிடைக்கவில்லை. ராதிகாவுக்குப் போன் போட்டு அவள் பெயரில் புதுக் கணக்கு திறக்கச் சொன்னான். திறந்தாள். புதிதாய் வந்தவர்கள் ஏழு நாள் கழித்துத்தான் மறுமொழி எழுதலாம் என்று வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் இருந்தபோது அவன் போன் அடித்தது. புது எண். காதோடு அழுத்திக்கொண்டான்.

"ஹேமநாதன்தானே?" ஒரு பெண் குரல். நிதானமான, வாத்தியார்த்தனமான குரல். "என் பேரு ஜெபா. பூந்தமல்லியில இருக்கேன். எனக்கும் பார்வை கிடையாது."

"சொல்லுங்க மேடம், சொல்லுங்க!" ஆட்டோச் சத்தத்துக்கு மேலே கத்தினான். "நீங்க அந்த சாஃப்ட்வேர் யூஸ் பண்றீங்களா?"

"இல்லை. நேத்து நாலரை மணிக்கு நான் எங்க இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவனுக்குப் புரியவில்லை.

"எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் ரூம்ல. என் விண்ணப்பத்துல எல்லாம் முடிஞ்சிருச்சி, போட்டோ மட்டும் ஏறல. எப்படின்னு விடைக்களத்துல போட்டிருக்காங்கன்னு ஒரு டீச்சர் சொன்னாங்க. எனக்கும் அங்க ஒரு பழைய கணக்கு இருக்குது. தேடிப் போனேன். ஹெச் அழுத்துறேன், நீங்க. இன்னொரு தடவை, நீங்க. அதுக்குக் கீழ உங்களைத் திட்டுறவங்க, அவங்களும் தலைப்பு. சரின்னு வரி வரியா இறங்கிப் பார்த்தேன். பதில் கிடைச்சப்ப மணி அஞ்சாக மூணு நிமிஷம். போட்டோ ஏறிச்சி. 'நேரம் முடிந்துவிட்டது'ன்னு வந்திருச்சி."

ஆட்டோ சிக்னலில் நின்றது.

"எனக்கு கவர்மென்ட் வேலைக்கு வயசு வரம்பு அடுத்த வருஷத்தோட முடியுது. தற்காலிக டீச்சரா ஆறு வருஷம் ஓட்டிட்டேன். யாராவது கண்ணு தெரிஞ்சவன் செஞ்சிருந்தா போனே பண்ணியிருக்க மாட்டேன். அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்," என்றான்.

"அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்." போன் நின்றுவிட்டது.

இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஆட்டோ போய்விட்டது. டிரைவர்தான், "அண்ணாத்தே, எறங்கல?" என்று கேட்டார். திரும்பி நடந்தான். கோல் நடைபாதையில் எதன் மீதோ மோதியது. அதைச் சுற்றிக்கொண்டு போனான்.

அன்று முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் விசைகள் தட்டும் சத்தம். மாலையில் மேலிடத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு 'பணிநிலை குறித்த உரையாடல்'. அதைப் படித்துச் சொன்ன குரலில் வழக்கம்போல ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை.

புதன்கிழமை மதியம் படிக்கட்டுப் பக்கம் போய் நின்று ஜெபாவின் எண்ணுக்கு அழைத்தான். வாழ்க்கையில் அவன் அதற்கு முன்னும் பின்னும் அப்படிக் கூசியதில்லை.

"மேடம், ஹேமநாதன். ஒரு உதவி."

"என்ன?"

"ஒருத்தர் எனக்கு வழி சொல்றேன்னு எழுதியிருக்காரு. மூணு கேள்வி கேட்டிருக்காரு. என் கணக்கை நிறுத்திட்டாங்க. என்னால பதில் எழுத முடியாது. உங்க கணக்குலேர்ந்து எழுதணும்."

மறுமுனையில் பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"கீது மேடம். ரொம்ப கீது. வேற யாரும் இல்லை, அதான் கேக்குறேன்."

"எனக்கு நீங்க செஞ்சதை நான் மன்னிக்கல. அது தெரியுதா?"

"தெரியுது."

பெஞ்சு இழுபடும் ஓசை கேட்டது. பிறகு அதே நிதானமான குரல். "சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க, தட்டணும்."

கோகுல்நாத் வேகமான ஆள். அன்று மாலைக்குள் ஜெபா வழியாக இன்னும் இரண்டு கேள்வி வந்தது, இரண்டு பதில் போனது. ஜெபா ஒவ்வொரு தடவையும் போன் செய்து படித்துக் காட்டிவிட்டு வேறு எதுவும் பேசாமல் வைத்தாள். வியாழன் காலை ஸ்க்ரீன் ரீடரோடு சேர்த்துப் போடவேண்டிய ஒரு சின்ன நிரலை கோகுல்நாத் மெயிலில் அனுப்பிவிட்டார். அதைப் போட்டால் பெட்டியில் இருப்பதை ஸ்க்ரீன் ரீடர் படிக்கும். பத்தொன்பதில் பதினாலு வகைதான் படிக்கும், மீதி ஐந்தும் எந்த வரிசையில் வரும் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்.

ஹேமநாதன் அதை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனான். வெளியிலிருந்து வந்த நிரலை அலுவலகக் கம்ப்யூட்டரில் போட முடியாது என்றார்கள். தலைமையகம் சோதித்து அனுமதிக்க வேண்டும். எத்தனை நாள் ஆகும்? நாலு வாரம், ஐந்து வாரம்.

"நாளைக்கு என்னை வெளிய அனுப்பப் போறாங்க சார்."

"புரியுது. விதி அப்படி," என்றார் அந்த ஆள். குரலில் கெடுதல் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. விதியை எழுதும்போது நாமும் இந்தக் குரலில்தான் பேசியிருப்போம் என்று தோன்றியது.

வெள்ளி பதினொரு மணிக்கு அறையில் சுரேகாவும் மேலிடத்திலிருந்து ஒருவரும் இருந்தார்கள். அவர்கள் பேசுவதற்கு முன்னால் ஹேமநாதன் தன் லேப்டாப்பைத் திறந்து வைத்தான். அதே மாதிரிப் பெட்டியொன்றை கோகுல்நாத் சோதனைக்காகச் செய்து கொடுத்திருந்தார். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு அம்புக்குறியை அழுத்தினான். "கசிவு," என்றது லேப்டாப். "சத்தம். மின் கோளாறு." அந்த அறையில் அந்தக் குரலை அவர்கள் முதல் முறையாகக் கேட்டார்கள்.

மேலிடத்து ஆள் தொண்டையைச் செருமினார். அனுமதி வரும்வரை சம்பளமில்லா விடுப்பில் இருக்கலாம் என்றார். அனுமதி வரவில்லையென்றால்? அது அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

"எழுத்துல குடுங்க," என்றான் ஹேமநாதன். "சும்மா போயிட்டு வான்னா நான் போயிருவேன் சார், நீங்க மறந்துருவீங்க."

சுரேகாதான் தன் இருக்கைக்குப் போய் அவள் பெயரிலேயே ஒரு மெயில் எழுதினாள். 'அனுமதி கிடைத்ததும் ஹேமநாதன் அதே பணியில் தொடர்வார்.' மேலிடத்து ஆளிடம் கேட்காமல் அனுப்பினாள் என்று பின்னால் தெரிந்தது.

ஐந்து வாரம் என்றது ஏழு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு திங்களும் ஷேர் ஆட்டோ ஏறி அலுவலக வாசலுக்குப் போய், வரவேற்பில் உட்கார்ந்து, "தகவல் எதுனா வந்துதா?" என்று கேட்டுவிட்டு வருவான். செக்யூரிட்டி முதல் வாரம் நாற்காலி போட்டார். ஐந்தாவது வாரம், "இன்னும் வரலப்பா" என்று கேட்டுக்கு வெளியிலேயே சொல்லி அனுப்பினார். மாமனார் இரண்டு தடவை வந்து போனார். வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காமலிருந்தது அவனுக்குக் கேட்டதைவிட மோசமாக இருந்தது. ராதிகா மட்டும் தினமும் கடைக்குக் கிளம்பும்போது, "ஊட்டுக்குள்ளயே மொடங்காத, சொல்லிட்டேன்" என்பாள். முன்பு அவன் முடங்கிக் கிடந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அவளுக்கு அவன் அம்மா சொல்லியிருந்தார்.

எட்டாவது வாரத் தொடக்கத்தில் சுரேகா போன் செய்தாள். நாளைக்கு வாங்க என்றாள்.

முதல் நாள் முப்பது புகார்தான் முடிக்க முடிந்தது. படிக்காத ஐந்து வகைகளை விரலால் எண்ணி இறங்கினான். ஒரு தடவை எண்ணிக்கை தவறி உத்தரவாதம் பற்றிய புகார் உதிரிபாகத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் சீட்டு அவனுடையதாக இருந்தது.

அன்று மாலை ஜெபாவைக் கூப்பிட்டுச் சொன்னான். "நல்லது," என்றாள். வேறு ஏதாவது சொல்வாளா என்று காத்திருந்தான்.

"அந்தப் பக்கம் இன்னும் அப்படியே கிடக்குது. உங்களுது எடுத்துட்டாங்க. உங்களைத் திட்டினவங்களுது அப்படியே இருக்குது, பெரிய எழுத்துல. அடுத்த வருஷமும் யாராவது போட்டோ ஏத்த அங்கதான் வருவாங்க."

அந்த வாரக் கடைசியில் ஆறு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்தான். தலைப்பு எழுத்தில் அவனைத் திட்டியவர்கள் இருபத்தேழு பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினான். நான் செய்தது தப்பு, நீங்கள் சொன்னதும் சரி, திட்டு அப்படியே இருக்கட்டும், தலைப்பு எழுத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று. எழுதி முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. இருபத்திரண்டு பேர் எடுத்தார்கள். அதில் ஒருவர் மன்னிப்பும் கேட்டிருந்தார். மீதிப் பேருக்கு மறுபடி எழுதியிருக்கிறான்.

தகுதித் தேர்வுக்கு அடுத்த அறிவிப்பு வந்துவிட்டதா என்று தினமும் காலையில் பார்க்கிறான். ஜெபாவுக்கு அது தெரியாது. அறிவிப்பு இன்னும் வரவில்லை.